பனம்பழம் ஏன் மேற்கே போய் விழவில்லை?

பூமி சுத்துது எண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற காலத்திலேயே அது முடிந்துபோன விஷயம். ஆனால் ஆராவது ஒருத்தர் முன்னால வந்து நின்று, "சரி, சுத்துது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்லுவம்? புத்தகத்தில் இருக்கு. ரீச்சர் சொன்னவ. நாசா படம் எடுத்திருக்கு. மூன்றுமே இன்னொருவரின் சொல்லை நம்பிச் சொல்கிற பதில்கள்தான்.

கேட்டவர் லேசில் விடுகிற ஆள் இல்லை என்று வைப்போம். அவர் ஒரு கணக்கோடு வருகிறார். யாழ்ப்பாணம் இருக்கிற அகலாங்கில் நிலம் மணிக்கு ஏறக்குறைய 1650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. செக்கனுக்கு 450 மீற்றருக்கும் மேல். 20 மீற்றர் உயரப் பனையிலிருந்து ஒரு பழம் கழன்று விழ 2 செக்கன் எடுக்கும். அந்த 2 செக்கனுக்குள் பனையும் வேலியும் வளவும் 900 மீற்றருக்கு மேல் கிழக்கே போயிருக்க வேணும். அப்ப பழம் மேற்குப் பக்கத்தில், பக்கத்து ஊர்க்காரரின் முற்றத்தில் அல்லவா விழ வேணும்? அது ஏன் எப்பவும் பனைக்கு அடியிலேயே விழுகிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க மனிதருக்கு ஆயிரத்தைந்நூறு வருடங்கள் எடுத்தன. பூமி அசையவில்லை என்று சொன்னவர்களை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒரு வரியில் கடந்துபோவதுதான் பாடப்புத்தகங்களின் பழக்கம். அவர்களின் வாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால், பூமி சுத்துது என்று நம்புகிற எங்களை விட அவர்கள்தான் கூட யோசித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

குருவியும் கூடும்

2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, பூமி சுழல்வதாக வைத்துக்கொண்டால் வானத்துக் கணக்கு சில வழிகளில் இலகுவாகும் என்பதை ஒத்துக்கொள்கிறார். அவரைத் தடுத்தது வானம் இல்லை, காற்று. பூமி அவ்வளவு வேகத்தில் கிழக்கே ஓடினால் முகில்களும் பறவைகளும் எறிந்த கல்லும் பின்தங்கி மேற்கே போவதாகத் தெரிய வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே பூமி நிற்கிறது.

இதே வாதம் எங்கள் பக்கத்திலும் நடந்தது. கி.பி. 499இல் ஆரியபட்டர் ஆரியபட்டீயம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. (பல்கலைக்கழகத்தில் அசைன்மென்ற் எழுதிக்கொண்டிருக்கிற எங்கட வயசு.) ஒரு மகாயுகத்தில், அதாவது 43,20,000 ஆண்டுகளில், பூமி கிழக்கு நோக்கி 158,22,37,500 தடவை சுழல்கிறது என்று அதில் எண் கொடுத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் வரும். இன்றைய அளவும் அதுவேதான்.

அதே நூலில் இன்னொரு இடத்தில் ஓர் உவமை வருகிறது. படகில் முன்னால போகிற ஒருவனுக்குக் கரையில் நிற்கிற பொருட்கள் பின்னால போவதாகத் தெரியும். அதுபோலவே லங்காவில் நிற்பவனுக்கு, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்கிறார். இந்த 'லங்கா' எங்கட நாடு என்று உடனே சந்தோசப்பட வேண்டாம். அந்தக் கால வானியலில் லங்கா என்பது, உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே பூமத்திய ரேகை மேல் வைத்த ஒரு கணக்குப் புள்ளி. எங்கட தீவின் தென்முனைகூட ரேகைக்கு ஏறக்குறைய 6 பாகை வடக்கே நிற்கிறது. அந்தப் புள்ளி விழுவது இந்து சமுத்திரத் தண்ணீருக்குள்.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இதை மறுத்தார். பூமி சுழன்றால் வானில் பறக்கிற பருந்துகள் எப்படித் திரும்பித் தங்கள் கூட்டுக்கு வரும் என்பது அவரின் கேள்வி. 628இல் பிரம்மகுப்தரும் ஆரியபட்டரைக் கண்டித்தார்: பூமி சுழல்வதாயிருந்தால் உயரமான பொருட்கள் ஏன் விழாமல் நிற்கின்றன? பின்னால் வந்த உரைகாரர்களோ ஆரியபட்டரைக் 'காப்பாற்ற' முயன்றார்கள். நட்சத்திரக் கூட்டத்தைக் காற்றொன்று மேற்கே தள்ளுகிறது என்று படகு உவமைக்கு அடுத்த செய்யுளிலேயே வருவதால், பூமி உண்மையில் சுழல்வதாக ஆசிரியர் சொல்லவில்லை, தோற்றத்தைத்தான் சொன்னார் என்று விளக்கம் எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரியபட்டரின் படகு பார்வையைப் பற்றிய கதை. படகிலிருந்து கரையைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்பதை அது அழகாகச் சொல்கிறது. பருந்தும் பனம்பழமும் கேட்கிற கேள்வி வேறு. கரையைப் பார்க்காதே, படகுக்குள்ளேயே பார்: அதன் ஓட்டம் ஏன் உள்ளே தெரியவில்லை? அதற்கு உவமை போதாது.

கப்பலின் அடித்தட்டு

14ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் நிக்கோல் ஒரெம் என்ற பாதிரியார் பதிலுக்குக் கிட்ட வந்தார். ஓடுகிற கப்பலில் இருக்கும் ஒருவன் பாய்மரத்தை ஒட்டிக் கையை மேலிருந்து கீழே இறக்கினால், தன் கை நேராகக் கீழே போவதாகத்தான் அவனுக்குத் தெரியும் என்று 1377இல் முடித்த நூலில் எழுதினார். கைக்கு இரண்டு அசைவுகள் இருக்கின்றன, அவனும் கப்பலோடு போவதால் ஒன்று மட்டும் தெரிகிறது. இவ்வளவு தூரம் வந்தவர், கடைசியில் பூமி நிற்கிறது என்றே முடித்தார். அவர் காட்ட விரும்பியது, அனுபவத்தை வைத்து இரண்டு பக்கத்தையும் நிரூபிக்கேலாது என்பதைத்தான்.

1543இல் கொப்பர்னிக்கசின் நூல் வந்த பிறகு பழைய வாதங்களுக்குப் புதிய பலம் தேவைப்பட்டது. வானத்தை அவ்வளவு நுட்பமாக அளந்த டைக்கோ பிராகே, பீரங்கியைக் கொண்டுவந்தார். கிழக்கே ஒரு குண்டும் மேற்கே ஒரு குண்டும் ஒரே அளவு மருந்தால் சுட்டால், பூமி சுழலும்போது இரண்டும் ஒரே தூரம் போக முடியாது என்றார். எங்கட பனம்பழம்தான், வெடிமருந்து போட்டு!

இதற்கு முழுப் பதில் 1632இல் வந்தது. கலிலியோவின் உரையாடல் நூல், அறிஞர்களின் லத்தீனில் இல்லாமல் சாதாரண வாசகருக்கும் விளங்குகிற இத்தாலிய மொழியில், மூன்று பேர் நான்கு நாட்கள் கதைப்பதாக எழுதப்பட்டது. இரண்டாம் நாள் பேச்சில் அந்தக் கப்பல் வருகிறது.

கலிலியோ உங்களைக் கப்பலின் அடித்தட்டில், வெளியே ஒன்றும் தெரியாத அறையில் வைத்துப் பூட்டுகிறார். உள்ளே ஈக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பறக்கின்றன. ஒரு பாத்திரத்தில் மீன் நீந்துகிறது. மேலே தொங்குகிற போத்தலிலிருந்து கீழே இருக்கிற பாத்திரத்துக்குள் தண்ணீர் சொட்டுகிறது. கப்பல் நிற்கும்போது எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகு கப்பலை எவ்வளவு வேகத்திலும் ஓடவிடலாம். ஆட்டம் இல்லாமல், ஒரே சீராக ஓட வேணும் என்பது மட்டும் நிபந்தனை. உள்ளே என்ன மாறும்?

ஒன்றும் மாறாது. சொட்டு அதே பாத்திரத்துக்குள் விழும். பூச்சிகள் பின்சுவரில் போய் ஒட்டாது. நீங்கள் முன்னால பாய்ந்தாலும் பின்னால பாய்ந்தாலும் ஒரே தூரம்தான். ஏனென்றால் கப்பலின் ஓட்டம் அதற்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும், காற்றுக்கும்கூட, ஏற்கனவே பொதுவாகச் சேர்ந்திருக்கிறது. சொட்டு போத்தலை விட்டுக் கழன்ற கணத்தில் அந்த ஓட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. அதையும் கொண்டே விழுகிறது.

பனம்பழத்துக்கும் இதுதான் பதில். காம்பில் தொங்கும்போதே அது பனையோடு சேர்ந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. கழன்ற பிறகும் ஓடுகிறது. நிலமும் ஓடுகிறது. இரண்டும் ஒன்றாக ஓடுவதால், கீழே விழுகிற அசைவு மட்டும்தான் எங்கட கண்ணுக்கு மிஞ்சுகிறது.

அசைவு என்பது ஒரு பொருள் தனக்குள் வைத்திருக்கிற குணம் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்தார்கள், நிறம் மாதிரி, சூடு மாதிரி. கலிலியோவுக்குப் பிறகு, 'அசைகிறது' என்ற சொல் மட்டும் போதாது. 'எதை வைத்துப் பார்க்கும்போது' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பௌதிகம் படிக்கிற சிநேகிதர்கள் இந்த 'எதை வைத்து' என்பதைத்தான் சட்டகம் என்கிறார்கள். கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற கோச்சியில் நித்திரை கொள்கிற ஆள் அசைகிறாரா இல்லையா? பக்கத்து சீற்றை வைத்துப் பார்த்தால் இல்லை. அநுராதபுர வயலை வைத்துப் பார்த்தால் ஓம். இரண்டுமே முழு உண்மை.

கப்பலை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்தார்களா? பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அடியில்தான் விழும் என்பதைச் செய்து பார்க்காமலே சொல்லலாம் என்று உரையாடலில் வருகிற கலிலியோவின் பாத்திரம் சொல்கிறது. 1624இல் எழுதிய ஒரு கடிதத்தில் தான் செய்து பார்த்ததாகவும் கலிலியோ சொல்லியிருக்கிறார். எல்லாரும் பார்க்கச் செய்து காட்டியவர் பியர் கசெந்தி, அவரும் ஒரு பாதிரியார். 1640இல் மார்செய் துறைமுகத்துக்கு வெளியே, வேகமாகத் துடுப்புப் போட்டு ஓடிய கலமொன்றின் பாய்மரத்திலிருந்து கல் போடப்பட்டது. கலம் நின்றபோதும் ஓடியபோதும் அது மரத்தின் அடியிலேயே விழுந்தது. அந்த நேரம் கலிலியோ புளோரன்ஸுக்குப் பக்கத்தில் வீட்டுக்காவலில் இருந்தார். 1633இல் ரோமில் முழங்காலில் இருத்திப் பூமியின் அசைவை மறுதலிக்க வைத்திருந்தார்கள். 1642 தை மாதம், காவலிலேயே இறந்தார்.

பதில் சொன்ன வாதம் நிரூபிக்கவில்லை

இந்த வரலாற்றைச் சொல்கிற பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கலிலியோ வென்றார், திருச்சபை தோற்றது, முடிஞ்சுது. ஆனால் கப்பல் உண்மையில் எதை நிரூபித்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பூமி சுழல்கிறது என்பதை அது நிரூபிக்கவில்லை. பழம் பனைக்கு அடியில் விழுவதை வைத்துப் பூமி நிற்கிறது என்று சொல்ல முடியாது என்பதை மட்டும்தான் நிரூபித்தது. அதே நியாயப்படி, பழம் அடியில் விழுவதை வைத்துப் பூமி சுழல்கிறது என்றும் சொல்ல முடியாது. கதவு இரண்டு பக்கமும் பூட்டுப்பட்டுவிட்டது. எதிரியின் சாட்சியை உடைத்த அதே வாதம், தன் பக்கச் சாட்சியையும் சேர்த்தே உடைத்துப்போட்டது.

கலிலியோவுக்கு இது விளங்காமல் இல்லை. அதனால்தான் நான்காம் நாளில் தனியாக ஒரு நிரூபணத்தோடு வருகிறார்: கடலின் வற்றுப்பெருக்கு. பூமியின் இரண்டு அசைவுகளும் சேர்வதால் கடல்நீர் தளும்புகிறது, அதுதான் வற்றுப்பெருக்கு என்றார். நூலின் தலைப்பிலேயே அதைப் போட நினைத்திருந்தார், அனுமதி கிடைக்கவில்லை. அந்த வாதம் பிழை. வற்றுப்பெருக்குக்கு முதன்மைக் காரணம் சந்திரன். அதைச் சொன்ன கெப்ளரைக் கலிலியோ அந்த நூலிலேயே குறை சொல்கிறார். முடிவு சரி, அதற்குக் கொடுத்த நிரூபணம் பிழை. வாதத்தில் நியாயமான பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் இது நடக்கும் என்பதை, பேஸ்புக்கில் சண்டை பிடிக்கப் போக முதல் நாங்கள் ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

பூட்டுப்பட்ட கதவு எப்படித் திறந்தது? கலிலியோவின் நிபந்தனையை மறுபடி பாருங்கள்: ஒரே சீரான ஓட்டம். பஸ் நேர் றோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாது. கடுகண்ணாவை வளைவில் திரும்பும்போது? கம்பியைப் பிடிக்காவிட்டால் பக்கத்து ஆளின் மடியில்தான். நேர் ஓட்டம் உள்ளே தெரியாது, திரும்புதல் தெரியும். பூமியின் சுழற்சி ஓயாத ஒரு திரும்புதல். வளைவு மிகப் பெரியது, 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான திரும்புதல், அதனால் தூக்கி எறியாது. ஆனால் தடயம் கட்டாயம் இருக்க வேணும்.

1679இல் நியூட்டன் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் தடயத்தைச் சொன்னார். பனையின் உச்சி, அடியை விடக் கொஞ்சம் பெரிய வட்டத்தில் சுழல்கிறது. ஆகவே உச்சியில் இருக்கிற பழத்துக்கு அடியை விடத் துளி கூடுதலான கிழக்கு வேகம் இருக்கிறது. அப்படியானால் விழுகிற பொருள் பின்தங்கி மேற்கே போகாது, முந்திக் கிழக்கே போக வேணும்! 1831இல் ஜெர்மனியின் பிரைபேர்க்கில் ரைக் என்பவர் 158 மீற்றர் ஆழச் சுரங்கமொன்றுக்குள் குண்டுகளைப் போட்டு அளந்தார். சராசரியாக 28 மில்லிமீற்றர் கிழக்கே விழுந்தன. எங்கட 20 மீற்றர்ப் பனைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் வரும். 900 மீற்றர் மேற்கே என்று கேட்ட கேள்விக்கு, 2 மில்லிமீற்றர் கிழக்கே என்று பதில். காற்று அசைக்கிற பனம்பழத்தில் இதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. தொலமிக்கும் வராகமிகிரருக்கும் கண்ணில் படாததில் என்ன புதினம்?

ஊரே பார்க்கிற நிரூபணம் 1851இல் வந்தது. பரிஸ் பந்தியோன் மண்டபத்தின் கூரையிலிருந்து 67 மீற்றர்க் கம்பியில் 28 கிலோக் குண்டொன்றைத் தொங்கவிட்டு ஆட்டினார் லியோன் பூக்கோ. ஊசல் ஆடுகிற திசை மணிக்கு மணி மெல்லத் திரும்பியது. அதை ஒருவரும் தொடவில்லை. திரும்பியது அதற்குக் கீழே இருந்த தரை. கூரையும் கதவும் உள்ள மண்டபத்துக்குள் நின்று, ஒரு நட்சத்திரத்தையும் பார்க்காமல், பூமி சுழல்வதைக் கண்டார்கள். கலிலியோ இறந்து 209 வருடங்களுக்குப் பிறகு.

நேரான சீரான ஓட்டத்தைப் பொறுத்தவரை கதவு இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிற வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர். சுற்றுப்பாதை பெரிய வட்டம் என்றாலும் கொஞ்ச நேரத்துக்கு அது கிட்டத்தட்ட நேர் ஓட்டம்தான். ஒளியை வைத்து அந்த ஓட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் அமெரிக்காவில் முயன்றார்கள். எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. 1905இல் 26 வயது ஐன்ஸ்ரைன், கப்பலின் விதி சொட்டுக்கும் ஈக்கும் மட்டும் இல்லை, ஒளிக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, எல்லாருக்கும் பொதுவான ஒரே நேரம் என்ற எண்ணத்தை. அது வேறு கட்டுரைக்குரிய கதை.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு இது ஆதாரம் பற்றிய வரலாறு. ஒரு பக்கம் முழுவதும் கண்ணால் கண்ட சாட்சியோடு நின்று தோற்றது. மறுபக்கம் பிழையான நிரூபணத்தோடு நின்றும் சரியாக இருந்தது. தோற்றவர்களின் கேள்விதான் வென்றவர்களின் பதிலைச் செதுக்கியது. பருந்து எப்படிக் கூட்டுக்குத் திரும்புது எண்டு ஒருத்தரும் கேட்டிருக்காவிட்டால், கப்பலின் அடித்தட்டுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டிய தேவையும் வந்திருக்காது.

கடைசியாக, எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவருக்கு ஒரு பதில். ஊசல் திரும்புகிற வேகம் இடத்துக்கு இடம் மாறும். பரிஸில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணித்தியாலம். பூமத்திய ரேகைக்குக் கிட்டப் போகப் போக மெதுவாகும். ஆரியபட்டரின் லங்காவில், சரியாக ரேகை மேல், ஊசல் திரும்பவே திரும்பாது. எங்களுக்கு அவ்வளவு மோசம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றுக்கு 6 நாள் வரை எடுக்கும், மணிக்கு இரண்டரைப் பாகை. நாலு மாடிப் படிக்கட்டின் நடுவில் நீளமான கம்பி ஒன்றும், பாரமான இரும்புக் குண்டொன்றும், கொஞ்சம் பொறுமையும் வேணும். விஞ்ஞான பீடத்தில் சிநேகிதர் இருந்தால் கேட்டுப் பாருங்கோ. காலையில் தரையில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு விரிவுரைக்குப் போய், பின்னேரம் வந்து பார்க்கலாம்.